ஏற்றமும் இறக்கமும்: ஜவ்வாது மலைச் சாலையில் வினையும் அருளும்

மனிதன் தன் முயற்சியால் உயர்கிறானா, அல்லது அவன் முயலத் தொடங்கும் முன்பே வந்து நிற்கும் அருளால் உயர்த்தப்படுகிறானா என்னும் வினா, தமிழ்நாட்டுச் சமயங்கள் பல நூற்றாண்டுகளாகத் தமக்குள் வாதிட்டும் தீராத வினாக்களுள் ஒன்று. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும் (38) ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும் (62) ஒதுக்கி, ஒவ்வொன்றின் வலிமையையும் அதனதன் இடத்தில் குறைவின்றிச் சொல்லிவிட்டு, இரண்டையும் இணக்கும் பொறுப்பைப் படிப்பவரிடமே விட்டுவிட்டது. ஏட்டிலும் மேடையிலும் ஆராயப்படும் இவ்வினா, சுமையேற்றிய மிதிவண்டியில் மலைச்சாலையை ஏறி இறங்கும் பயணிக்குக் காலிலும் மூச்சிலும் எழுகிறது. ஏறும்போது ஒவ்வொரு மிதியும் தன்னுடையது என்றும், இறங்கும்போது எதுவும் செய்யாமலே எல்லாம் கிடைக்கிறது என்றும் அவருக்குத் தோன்றுகிறது. இத்தோற்றம் எவ்வளவு தூரம் உண்மை என்று ஆராய்வதற்கு ஜவ்வாது மலையைப் போலப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது. அம்மலையின் அடிவாரத்தைச் சூழ்ந்து நிற்கும் சமயங்களும், அந்நிலத்தின் வழிகளைப் பற்றியே பாடப்பட்ட ஒரு பழம்பாட்டும் அதற்குக் காரணம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அது ஒரே சிகரமாகக் குவியாமல் மேடுகளும் பள்ளத்தாக்குகளும் மாறிமாறி வரும் அகன்ற மேட்டுநிலமாக இருப்பதால், மேலே சென்று சேர்ந்த பின்னும் ஏற்ற இறக்கம் ஓய்வதில்லை. கிழக்கே போளூரிலிருந்தும், வடக்கே வேலூரை அடுத்த அமிர்திக் காட்டின் வழியாகவும், மேற்கே வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாகவும் ஏறிவரும் சாலைகள் ஜமுனாமரத்தூரை நோக்கிச் செல்கின்றன. இம்மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே வங்கக்கடலை அடைகிறது. ஆகவே கடற்கரைச் சாலையில் தொடங்கி ஆற்றுப்படுகைகளை ஒட்டி மேற்கே வரும் மிதிவண்டிப் பயணி, தண்ணீர் இறங்கிய வழியைத் தலைகீழாகக் கடந்து வருகிறார் எனலாம். கடற்கரைச் சாலையில் அவருக்கு எதிரி காற்று மட்டுமே. அது எப்போது வீசும் என்பது அவர் கையில் இல்லை. மலையடிவாரத்தில்தான் முயற்சிக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

போளூர் வட்டத்திலுள்ள திருமலை என்னும் சமணத் தலத்தில் சுமார் 16 அடி உயர நேமிநாதர் சிற்பம் பாறையில் செதுக்கப்பட்டு நிற்கிறது; இராசராச சோழனின் தமக்கை குந்தவையின் பெயரால் வழங்கும் ஜினாலயமும் அங்கு உண்டு. சமணத்தில் தீர்த்தங்கரர் என்பவர் பிறவிக்கடலைக் கடந்து பிறர்க்கு வழி காட்டியவரேயன்றி, வேண்டுவோர்க்கு வீடுபேற்றை எடுத்துக் கொடுப்பவர் அல்லர். உயிரோடு ஒட்டிக்கொண்ட வினைத்துகளை நோன்பினாலும் தவத்தினாலும் உதிர்த்தல், அச்சமயத்தின் சொல்லில் நிர்ஜரை, ஒவ்வோர் உயிரும் தானே செய்துகொள்ள வேண்டிய வேலை. அதில் கடவுளின் கருணைக்கு இடமில்லை. மலையின் தெற்கே திருவண்ணாமலையில் சொல்லப்படுவது இதற்கு நேர் எதிரான கதை. அடிமுடி காணப் புறப்பட்ட திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்தும், நான்முகன் அன்னமாகி வானில் பறந்தும் நெருப்புத்தூணின் எல்லையைக் காணவில்லை. இறங்கும் முயற்சி, ஏறும் முயற்சி ஆகிய இரண்டுமே தோற்ற பின்னர்தான் இறைவன் தானாக வெளிப்படுகிறான். அதே தலத்துக்கு 1896இல் வந்து 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த ரமணர், தன்னை விசாரித்தல், தன்னை ஒப்படைத்தல் என்னும் இரு வழிகளையும் கேட்டவரின் பக்குவத்துக்கேற்பக் காட்டினார். ஒரு மலைத்தொடரைச் சுற்றிவரும் வட்டத்துக்குள் இவ்வளவு மாறுபட்ட விடைகள் நிற்கின்றன.

பயணியின் உடல் தரும் சான்றை இவ்விடைகளோடு ஒப்பிடுமுன், அச்சான்றையே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 90 கிலோ எடை என்றும், ஏறும் உயரம் 500 மீட்டர் என்றும் ஒரு கணக்குக்காகக் கொண்டால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யப்படும் வேலை ஏறக்குறைய 4,41,000 ஜூல், அதாவது சுமார் 105 கிலோகலோரி. மனித உடல் உணவிலுள்ள ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் இயக்கமாக மாற்றும் என்பதால், இந்த ஏற்றத்துக்குச் செலவாகும் உணவு 420 முதல் 525 கிலோகலோரி. ஜவ்வாது மலையில் விளையும் சாமையின் அரிசியாகச் சொன்னால் 125 முதல் 150 கிராம். இனி இறக்கம். சேர்த்துவைத்த உயரம் முழுவதும் வேகமாகத் திரும்பிவரும் என்று தோன்றினாலும், அடிவாரத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும் அதே வண்டியில் இயக்க ஆற்றலாக எஞ்சியிருப்பது 4,500 ஜூல் மட்டுமே, நூற்றில் ஒரு பங்கு. மீதியைக் காற்றும் பிரேக்கும் எடுத்துக்கொள்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கியபின் சக்கரத்தின் விளிம்பைத் தொட்டால் விரல் சுடும். காலையில் பட்ட பாட்டில் ஒரு பகுதி அங்கே வெப்பமாகக் கரைந்துகொண்டிருக்கிறது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும். பல பிறவிகளில் குவிந்து பயன் தராமல் கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். இப்பகுப்பை மலைச்சாலையில் வைத்துப் பார்த்தால் ஏற்றம் ஆகாமியமாகவும், எட்டிய உயரம் சஞ்சிதமாகவும், இறக்கம் பிராரத்தமாகவும் ஏறக்குறையப் பொருந்திவருகின்றன. அப்படியானால் இறக்கத்தில் வரும் எளிமை இனாமாகக் கிடைத்ததன்று. முன்னர்ச் செய்ததன் நுகர்ச்சி. அதை அருள் என்று மெய்சிலிர்ப்பவர் தம்முடைய பழைய கணக்கையே பிறர் கொடையாக மயங்குகிறார் என்று திருமலைச் சமணர் சொல்லக்கூடும். புவியீர்ப்பு யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை என்பதும் அவர் பக்கம் நிற்கும். ஆனால் சித்தாந்தி இவ்விடத்தில் விடமாட்டார். வினை அறிவில்லாத சடப்பொருள், ஆகையால் தன்னைச் செய்தவன் யார் என்று அறிந்து அவனிடம் தானே போய்ச் சேர அதனால் இயலாது, சேர்ப்பவன் ஒருவன் வேண்டும் என்பது அவர் வாதம். புவியீர்ப்பின் ஒழுங்கைக் கண்ட இக்காலத்தவருக்கு இவ்வாதம் பழையபடி வலுவாகப் படாமல் போகலாம். எனினும் அந்த ஒழுங்கு ஏன் இருக்கிறது, ஏறியவனுக்கு இறக்கம் ஏன் உறுதிப்பட்டிருக்கிறது என்னும் வினா அதனால் அழிந்துவிடவில்லை.

வைணவத்தில் இதே சிக்கல் இன்னும் நுட்பமான வடிவம் பெற்றது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர், வேதாந்த தேசிகர் ஆகியோரின் நூல்களை ஒட்டிப் பிற்காலத்தில் தென்கலை, வடகலை எனப் பிரிந்த மரபுகள், கீதையின் இறுதியில் வரும் சரணாகதிக் கட்டளையை இருவகையாகப் பொருள்கொண்டன. தாய்க்குரங்கைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டியைப் போல உயிரின் பக்கத்தில் சிறிதேனும் செயல் வேண்டும் என்பது மர்க்கட நியாயம். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைப் போல உயிர் செய்ய வேண்டுவது எதுவுமில்லை என்பது மார்ஜார நியாயம். தென்கலையார் அருளை நிர்ஹேதுகம், அதாவது காரணம் எதுவும் வேண்டாதது, என்றனர். உயிரின் செயலை அருளுக்குக் காரணமாக்கினால் அருள் கூலியாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். தேசிகரோ உயிரின் செயலை விலையாகக் கருதவில்லை. அதை வியாஜம் என்றார். கொடுக்க விரும்புகிறவனுக்குக் கொடுப்பதற்கு ஒரு சாக்கு. கிளைகள் இரண்டும் பிற்காலத்தில் நெற்றித் திருமண்ணின் வடிவத்துக்காக நீதிமன்றம்வரை சென்றதைப் பார்க்கும்போது, இவ்வளவு மென்மையான வேறுபாட்டிலிருந்து அவ்வளவு கடுமையான வழக்கு பிறந்தது வியப்பாகவே இருக்கிறது.

மிதிவண்டி உலகமும் இவ்வழக்கைத் தன்னை அறியாமலே நடத்தியிருக்கிறது. பிரான்சில் சேன்ட்-எத்தியேன் நகரத்தைச் சேர்ந்த பால் த விவி (1853–1930), வெலோசியோ என்னும் புனைபெயரில் மிதிவண்டிச் சுற்றுலாவைப் பரப்பி, மலையேற்றத்துக்குப் பல கியர்கள் தேவை என்று வாதாடினார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கோ கியர் மாற்றி, வீரனின் தசைக்கு நேர்ந்த இழுக்காகப் பட்டது. பந்தய அணியினருக்கு அது 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. சிறிய கியர் வேலையைக் குறைப்பதில்லை. அதே 4,41,000 ஜூலை அது காலத்தில் நீட்டி, ஒவ்வொரு மிதியிலும் தாங்கத்தக்க அளவாக்கித் தருகிறது. வழி காட்டும் உபாயம் முயற்சிக்கு மாற்று ஆகாது, முயற்சியைச் சாத்தியமாக்குவது என்று கொண்டால், தெக்ராஞ்சின் கோபம் பொருளற்றது. இன்று சென்னை முதலிய நகரங்களிலிருந்தும் நடத்தப்படும் பிரெவே என்னும் நெடுந்தொலைவுப் பயணங்களில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சோதனை நிலையங்களுக்கு வெளியே தனக்கென உதவி வண்டி வைத்துக்கொள்ளக்கூடாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுதல் என்னும் இவ்விதி சமண நோன்பின் சாயலுடையது. ஆயினும் வழியிலுள்ள கடையில் தேநீர் குடிப்பதற்கு அதில் தடையில்லை. சாலையைப் போட்டவர்கள் யார் என்று அது கேட்பதும் இல்லை.

அக்கேள்வியைக் கேட்டிருப்பது மலைபடுகடாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இப்பாட்டு 583 அடிகளை உடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் செங்கண்மாவின் தலைவன் நன்னன்சேய் நன்னனைப் பாடியது. செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. நஞ்சுண்ட கடவுள் உறையும் நவிர மலையை ஜவ்வாது மலையின் தெற்கோரத்திலுள்ள பர்வதமலையாகக் கொள்வது வழக்கம். 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் பரவலாக அறியப்பட்ட இது, கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெறும். ஆற்றுப்படை என்பது, வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனை அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது. பிற ஆற்றுப்படைகளில் வள்ளலின் பெருமை ஓங்கி நிற்க, இதில் வழியே ஓங்கி நிற்கிறது. எங்கே பாம்பு குழிகளில் ஒளிந்திருக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறிகள் இருப்பதால் பகலில் மட்டுமே நடக்க வேண்டும், தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட வீசும் கவண்கல்லிலிருந்து எப்படித் தப்ப வேண்டும், எந்தப் பாசிப் பாறையில் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று இதில் சொல்லப்படுவனவெல்லாம், நடந்து பார்த்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்பவை.

அவ்வறிவுரைகளுள் இரண்டு இங்கு முதன்மையானவை. வழிகள் பிரியும் கவலைகளில், செல்லும் ஊர் இன்னது என்று புதியவர் அறியும்படி பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைப் பாட்டு சொல்கிறது. போரில் வீழ்ந்தவர்க்கு நட்ட கற்களும் அவ்வழிகளில் நிற்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் நூல், பிற்காலத்திலும் அந்நிலம் தன் இறந்தோரைக் கல்லில் நிறுத்தி நினைவுகூர்ந்ததைக் காட்டுகிறது. இன்னொன்று, அந்நாட்டுக்குப் புதியவரான கூத்தருக்கே இடப்படும் பணி. பாதை கூடும் சந்தியைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான் வழிகாட்டி. பின்னால் வருபவர் வழி தவறாமல் இருப்பதற்காகவே அது. வறுமையில் பசியோடு, தாமே வழி தெரியாமல் நடப்பவர்களிடம் இது கேட்கப்படுகிறது. அந்தப் புல் முடிச்சு முடிந்தவனுக்கு வினை. பின்னால் வந்து அதைக் காண்பவனுக்கோ தான் ஈட்டாதது. ஒரே பொருள் ஓரிடத்தில் முயற்சியாகவும் மற்றோரிடத்தில் கொடையாகவும் நிற்கும்போது, முயற்சியா அருளா என்று ஒற்றை மனிதனை மட்டும் நிறுத்திக் கேட்கும் வினாவே குறையுடையதாகிவிடுகிறது.

மேலே போட்ட ஆற்றல் கணக்குக்கும் இது பொருந்தும். ஏற்றம் முழுவதும் என்னுடையது என்று நினைக்கும் பயணியின் காலில் இயங்கியது யாரோ உழுது, விதைத்து, இடித்துப் புடைத்த சாமை. சக்கரத்தின் அடியில் கிடந்தது யாரோ கல் உடைத்துப் போட்ட பாதை. அவர் ஈட்டியதாக நம்பும் பகுதிதான் மிகுதியும் தரப்பட்டது. தரப்பட்டதாக நம்பும் இறக்கமோ, காலையில் அவர் கால்வழியே ஏறியது. சித்தாந்தம் ஆணவம் என்று பெயரிட்ட மலம், அதாவது உயிரின் அறிவை மறைத்துத் தன்னையே முதல் என்று எண்ணவைக்கும் அழுக்கு, இந்த இடமாற்றத்தில்தான் வேலை செய்கிறது போலும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுற்றுலாவாக மலையேறுபவரின் உழைப்பு அவர் வேண்டி ஏற்றது. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு ஏற்றம் அப்படிப்பட்டதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று மரபுக்கதை வைத்திருக்கும் அம்மக்களுக்குச் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வருவதே ஏற்ற இறக்கம். அவர்கள் சுமந்து ஏறுவதை ஆன்மிகப் பயிற்சி என்று கீழிருந்து வந்தவர் புகழ்வது பொருத்தமில்லாத பேச்சு. இருவினையொப்பு என்று சித்தாந்தம் சொல்வது இன்பத்தையும் துன்பத்தையும் ஒரே நிலையில் ஏற்கும் மனப்பக்குவத்தை; பிறர்மேல் விழுந்த சுமையைப் பார்த்து நாம் அமைதியாக இருப்பதை அன்று.

இனி, சித்தாந்தியின் தடை ஒன்று எஞ்சுகிறது. சாலையும் சாமையும் மனிதர் தருவன; அருள் இறைவனுடைய சத்தி; இரண்டையும் ஒன்றாக்கலாமா? இதற்கு விடை அவருடைய நூலிலேயே உண்டு. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களில் எட்டாவதில், ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன் பிறப்பை மறந்த உயிருக்கு, அதன் தவத்தின் பயனாக இறைவன் குருவாக வந்து உணர்த்துவதைச் சொல்கிறது. தவம் உயிருடையது, வருபவன் இறைவன், வரும் வடிவம் மனிதம்; மூன்றில் எதை எடுத்தாலும் மற்றவை நிற்பதில்லை. பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழச் சொல்கிறது. எனவே அருள் மனிதர் கையின் வழியே வருவதைச் சித்தாந்தி மறுக்க முடியாது. மனிதர் கையோடு அது முடிந்துவிடுகிறது என்பதைத்தான் மறுப்பார்.

சமணர் இவ்வளவுக்கும் இணங்கமாட்டார். வழி காட்டுவது வேறு, கொண்டுசேர்ப்பது வேறு. மலைபடுகடாத்தின் வழிகாட்டி கூத்தரைத் தூக்கிச் செல்லவில்லை, சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டான் என்பார். அது சரியே. ஆனால் அப்பாட்டில் வழிகாட்டல் மட்டும் இருக்கவில்லை. மலைச்சிற்றூரை அடைந்ததும், நன்னனுடைய கூத்தர் நாங்கள் என்று சொன்னால் போதும், சொந்த வீட்டில் நுழைவதுபோல் நில்லாமல் நுழையலாம், உறவினரைப் போல முகம் மலர்ந்து நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள் என்கிறான் அவன். வள்ளலின் ஊர் இன்னும் தொலைவில் இருக்கிறது. பரிசு இன்னும் கிடைக்கவில்லை. அவன் பெயரைச் சொன்ன அளவிலேயே, அவனல்லாத பிறர் கையால் சோறு வருகிறது. அந்தச் சொல்லைச் சோற்றுக்கு விலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தேசிகர் அதை வியாஜம் என்று கொண்டிருப்பார். தென்கலையாரோ, கூத்தர் வாய் திறக்கும் முன்பே அடுப்பில் தினை வெந்துகொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டியிருப்பர்.